டெய்லி காலண்டரில் இருந்து தொடங்குங்கள்: மொட்டை மாடியில் வானம் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வானியல் கற்றுக்கொள்ள ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஒரு டெலஸ்கோப் வாங்கு" என்பதுதான். நான் டெலஸ்கோப்பைக் கிட்டத்தட்ட கடைசியில் வைக்கிறேன். முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் டெய்லி காலண்டரில் இன்றைய தாளைப் பாருங்கள். திதிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் என்று ஒரு பெயர் இருக்கும்: ரோகிணி, மகம், சித்திரை, இப்படி ஏதோ ஒன்று. இன்று நிலா வானத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. நல்ல நேரம் பார்க்கவும் ஜாதகம் எழுதவும் நாம் வைத்திருக்கும் அந்த 27 பெயர்களும் நிஜமான விண்மீன்கள், அல்லது விண்மீன் கூட்டங்கள். பெயர்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆளைத்தான் இன்னும் பார்த்ததில்லை.

இது ஜோதிட வழிகாட்டி இல்லை. அந்தப் பெயர்களை வைத்து வானத்தை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி, அவ்வளவுதான். ஒரு வருடம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது, அவசரப்பட்டால் இதில் சுவை கிடையாது.

முதல் படி: இடமும் கண்ணும்

மொட்டை மாடி போதும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயை விரித்துக்கொள்ளுங்கள், அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், படுத்துக்கொண்டு பாருங்கள். வானத்தைப் பார்த்தபடியே மாடியில் நடக்கவே கூடாது. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் மாடியில் குழந்தைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நம் கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் ஒரே ஒரு முறை போனைத் திறந்து பார்த்தாலும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். டார்ச் தேவை என்றால் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள், மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது.

தமிழ்நாட்டில் ஜனவரி முதல் மே வரைதான் நம்பி உட்காரக்கூடிய காலம். ஆடி மேகமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பல இரவுகளைத் தின்றுவிடும். ஆனால் நல்ல மழை பெய்து ஓய்ந்து மேகம் விலகிய இரவைத் தவறவிடாதீர்கள், தூசி எல்லாம் அடங்கி வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

இரண்டாம் படி: கையால் அளப்பது

கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை (டிகிரி). சுண்டு விரலின் அகலம் சுமார் 1 பாகை. முழு நிலாவின் அகலம் அரைப் பாகைதான், அதாவது உங்கள் சுண்டு விரல் நிலாவை முழுதாக மறைத்துவிடும். நம்பமுடியவில்லை என்றால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள், என் வீட்டுக்கு வந்தவர்களில் இதற்கு வியக்காதவர் யாரும் இல்லை.

அப்புறம் வடக்கே திரும்பித் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். ஒரு ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு பாகை உயரத்தில்தான் அது அங்கே தெரியும். சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சுமார் 10, கன்னியாகுமரியில் 8. ஒரு முஷ்டி உயரம்தான்! பக்கத்து அபார்ட்மென்ட் மறைத்துவிடலாம். துருவம் இவ்வளவு தாழ்ந்திருப்பதால் நமக்கு ஒரு பெரிய லாபம் உண்டு, ஐரோப்பாவில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாத தெற்கு வானம் நமக்குத் திறந்திருக்கிறது. அதற்கு நாலாம் படியில் வருகிறேன்.

மூன்றாம் படி: ஒரு மாதம் நிலாவைத் தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அமாவாசை முடிந்து மூன்றாம் பிறை அன்று மேற்கே பாருங்கள். நம் ஊரில் பிறை படகு மாதிரிச் சாய்ந்து படுத்திருக்கும், வட நாடுகளில் அதே பிறை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். பிறையின் மிச்சப் பகுதி மங்கலாகத் தெரிகிறதா? அது பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விழுந்து, திரும்ப நம் கண்ணுக்கு வருவது.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் நின்று பாருங்கள். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் நிலா சுமார் 13 பாகை, அதாவது ஒரு முஷ்டிக்கும் கொஞ்சம் அதிகமாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். வானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற அதற்கு 27.3 நாள் ஆகிறது. 360 பாகையை 27-ஆல் வகுத்தால் 13 பாகையும் ஒரு மூன்றில் ஒரு பாகையும் வரும். 27 நட்சத்திரம் என்ற கணக்கு இங்கிருந்துதான் வந்தது, ஒரு நாளைக்கு நிலா தங்கும் ஒரு வீடு.

இதில் ஒரு சிக்கல் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காலண்டரைப் பார்த்துக் குழம்பிப் போவீர்கள். 27 பங்கும் சமமாகப் பிரிக்கப்பட்டவை, ஆனால் விண்மீன்கள் அப்படிச் சமமாக உட்கார்ந்திருக்கவில்லை. சுவாதி நிலாவின் பாதைக்கு 30 பாகை வடக்கே இருக்கிறது, திருவோணமும் அப்படித்தான், ஆகவே "இன்று சுவாதி" என்று போட்டிருக்கும் நாளில் நிலாவின் பக்கத்தில் தேடினால் ஏமாற்றம்தான். பாதையை ஒட்டியே இருப்பவை கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், மகம், சித்திரை, கேட்டை. இந்த ஆறையும் முதலில் பிடியுங்கள். காலண்டரில் அந்தப் பெயர் வரும் நாளிலோ, ஒரு நாள் முன்னே பின்னேயோ, நிலாவுக்கு அருகில் நிற்கும் பளிச்சென்ற விண்மீன் அதுதான். வளர்பிறை நாட்களில் வந்தால் மாலையிலேயே பார்த்துவிடலாம், தேய்பிறையில் வந்தால் நடு இரவோ விடிகாலையோ ஆகும், அமாவாசையை ஒட்டி வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். நாலைந்து மாதத்தில் ஆறும் கைக்கு வந்துவிடும்.

நம் திருவிழாக்களும் இதே கணக்கில் அமைந்தவைதான். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், எல்லாமே முழு நிலாவை ஒட்டி, அந்தந்த நட்சத்திரத்தில் அது நிற்கும்போது வருபவை. மாசி மகத்தன்று கடற்கரைக்குப் போனால் நிலாவுக்குப் பக்கத்தில் மகம் தெரியும், 79 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் நீலவெள்ளை விண்மீன். ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு. கார்த்திகை தீபத்தன்று மட்டும் கார்த்திகை விண்மீன்கள் நிலா வெளிச்சத்தில் மூழ்கிப்போகும், ஒரு வாரம் கழித்து இருட்டில் பாருங்கள்.

நாலாம் படி: பருவத்துக்கு ஒரு மூலை

ஜனவரி முதல் மார்ச் வரை, இரவு 8 மணிக்கு மேல். வானத்தின் உச்சிக்குப் பக்கத்தில் மூன்று விண்மீன்கள் சம இடைவெளியில் ஒரே கோட்டில் நிற்கும், வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அதுதான் ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. பட்டைக்கு வடக்கே சிவந்து இருப்பது திருவாதிரை. தெற்கே நீலவெள்ளையாக இருப்பது ரைஜல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், விண்மீனுக்கு நிறம் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின், ரைஜலோ 12,000 கெல்வின். கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவந்து, சூடேற ஏற வெளுப்பது போலத்தான். திருவாதிரையைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டிப் பரந்திருக்கும், அவ்வளவு ஊதிப்போன வயதான விண்மீன். 2019 இறுதியில் அது திடீரென்று மங்கத் தொடங்கி, 2020 தொடக்கத்தில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவுக்குப் போனது. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அது தானே கக்கிய தூசிதான் அதன் முகத்தை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. என்றாவது வெடிக்கத்தான் போகிறது, அந்த என்றாவது என்பது ஒரு லட்சம் வருடம் வரைகூடப் போகலாம்.

பட்டைக் கோட்டை வடமேற்கே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி, இன்னும் நீட்டினால் ஒரு சிறு கொத்து, கார்த்திகை. சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் என்று நம் ஊர்க் கதை சொல்வதை நினைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அதே கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ், இரவு வானத்திலேயே பிரகாசமான விண்மீன், 8.6 ஒளியாண்டு. அதற்குத் தெற்கே இன்னொரு பெரிய வெளிச்சம் தெரிகிறதே, அதுதான் அகத்தியர் விண்மீன், பிரகாசத்தில் இரண்டாவது இடம். சென்னையில் அது 24 பாகை உயரம் வரை ஏறும், கன்னியாகுமரியில் 29. லண்டனில் ஒரு நாளும் உதிக்காது. தெற்கே வந்த முனிவரின் பெயரைத் தெற்கு வானத்து விண்மீனுக்கு வைத்தது எனக்கு எப்போது பார்த்தாலும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

ஏப்ரல், மே, ஜூன். வடக்கே சப்தரிஷி மண்டலம் அகப்பையைக் கவிழ்த்த மாதிரி நிற்கும். அகப்பைக் காம்பின் நுனியில் இருந்து இரண்டாவது விண்மீன் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக ஒன்று, அருந்ததி. கல்யாணத்தில் பகலில் வானத்தைக் காட்டி "தெரியுதா?" என்று கேட்பார்களே, அதை மே மாத இரவில் நிஜமாகவே பாருங்கள். முடிந்தால் உங்கள் துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள். காம்பின் வளைவை அப்படியே கிழக்கே தொடர்ந்தால் சுவாதி, இன்னும் தொடர்ந்தால் சித்திரை.

மே மாதம் இரவு 9 மணிவாக்கில் தெற்கே திரும்புங்கள். அடிவானத்துக்கு ஒன்றரை முஷ்டி உயரத்தில் சின்னதாக ஒரு சிலுவை, தெற்குச் சிலுவை என்று உலகமே பேசும் அதுதான். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள், நேரம் ஆக ஆக மேலே வரும். அவற்றில் சிலுவைக்குத் தூரத்தில் இருப்பது ஆல்பா சென்டாரி, சுமார் 4.4 ஒளியாண்டு, சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் குடும்பம். நிலாவில் இருந்து ஒளி வர 1.3 விநாடி, சூரியனில் இருந்து 8 நிமிடம் 20 விநாடி, பக்கத்து வீட்டில் இருந்து நாலு வருடத்துக்கு மேல்! இதைப் பார்க்கத் தெற்கே கடல் இருக்கும் இடம் உத்தமம். ராமேசுவரம், கன்னியாகுமரி பக்கம் போனால் இரவு ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மேகம் விலகினால் தெற்கே தேள். பெயருக்கும் உருவத்துக்கும் இவ்வளவு பொருத்தம் வேறு எந்த ராசிக்கும் கிடையாது: அனுஷம் தலை, கேட்டை சிவந்த நெஞ்சு, மூலம் கொடுக்கு. கொடுக்கின் பக்கத்தில்தான் நாம் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வீதியின் மையம், சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவு. நகரத்தில் ஒன்றும் தெரியாது. ஜவ்வாது மலை, கொல்லிமலை மாதிரி இருட்டான ஊர் ஒன்றில், நிலா இல்லாத இரவில் பார்த்தால் பால்வீதி வெள்ளைப் புகை மாதிரித் தேளின் மேலே ஓடும். மேகம் என்று நினைத்து முதல் முறை பலரும் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், அது நகராது.

ஐந்தாம் படி: கோள்கள்

மினுக்காமல் நிலையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் கோள். எங்கே தேடுவது என்பதற்கும் காலண்டரே போதும். வியாழன் சூரியனைச் சுற்ற கிட்டத்தட்ட 12 வருடம், ஆகவே ராசிக்கு ஒரு வருடம், அதுதான் குருப்பெயர்ச்சி. சனிக்கு 29.5 வருடம், ராசிக்கு இரண்டரை வருடம், அதுதான் சனிப்பெயர்ச்சி. கும்பகோணத்தில் 12 வருடத்துக்கு ஒரு முறை மகாமகம் வருவதும், வியாழன் ஒரு சுற்று முடித்துச் சிம்மத்துக்குத் திரும்புவதால்தான். வக்ரம் என்கிறார்களே, அது கோள் நிஜமாகவே பின்னால் போவது இல்லை. நாம் உள் பாதையில் வேகமாகப் போய் அதை முந்தும்போது, முந்தப்பட்ட பஸ் பின்னால் நழுவுவது போலத் தெரிகிறது. ராகு, கேது இரண்டும் கோள்களே இல்லை. நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருக்கிறது, அது சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் அவை, கிரகணம் அங்கேதான் நடக்க முடியும். அந்தப் புள்ளிகளுக்குப் பெயர் வைத்துக் கணக்குப் போட்டவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

போனில் ஸ்டெல்லேரியம் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மாடியில் பயன்படுத்தாதீர்கள். மாலையிலேயே வீட்டுக்குள் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு மாடி ஏறுங்கள், இறங்கி வந்து சரிபாருங்கள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்தால் பெயர் கிடைக்கும், வானம் பழகாது. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, நேரம், நிலா எங்கே, எது தெரிந்தது, எது தெரியவில்லை.

ஆறாம் படி: பைனாகுலர்

மேலே சொன்னதில் பாதி முடித்த பிறகு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 7x50 அல்லது 10x50 என்று போட்டிருக்கும், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். வானத்துக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், வெளிச்சத்தைச் சேர்ப்பது அதுதான். 10 மடங்குக்கு மேல் கையில் பிடித்தால் நடுங்கும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கார்த்திகை. ஆறு விண்மீன் இருந்த இடத்தில் பல பத்து, நீலமாக. அப்புறம் திருவாதிரைக்கு அந்தப் பக்கம், பட்டைக்குத் தெற்கே தொங்கும் வாளின் நடுவில் ஒரு பஞ்சுத் துணுக்கு, ஓரியன் நெபுலா, 1,300 ஒளியாண்டுக்கு மேல் தொலைவில் புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். வியாழனுக்கு இருபக்கமும் ஊசிமுனைப் புள்ளிகள், கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நாலு நிலாக்கள், மறுநாள் இடம் மாறியிருக்கும். நவம்பர், டிசம்பரில் மழை விட்ட இரவில் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து போடும் பெரிய சதுரத்தைக் கண்டுபிடித்து, அதன் வடகிழக்கு மூலையில் இருந்து நகர்ந்தால் ஆண்ட்ரோமீடா, நம் பால்வீதி மாதிரி இன்னொரு விண்மீன் மண்டலம். மங்கலான முட்டை வடிவம். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் வருடம் ஆகிறது.

நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிப் பாருங்கள், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். பாட்டி வடை சுடுவதாகச் சொல்லும் அந்தக் கருந்திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 இறங்கியது தென் துருவத்தின் பக்கம், அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

ஏழாம் படி: டெலஸ்கோப், தேவைப்பட்டால்

நான் முதலில் வாங்கியது ஒரு கண்காட்சியில், பெட்டி மேல் "525 மடங்கு" என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஈர்க்குச்சி போன்ற கால்கள், தொட்டால் ஆடும், வியாழன் பார்வையில் ஒரு விநாடி நிற்காது. அந்த ஏமாற்றத்தில் இரண்டு வருடம் வானத்தையே பார்க்காமல் இருந்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பயன்படும் உருப்பெருக்கம் விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாது. 70 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 140, அவ்வளவுதான். அதற்கு மேல் போடும் எண் வெறும் மங்கல். டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை (ஒளி ஒரு புள்ளியில் குவியும் தூரம்) கண்ணருகு லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும், 1,200-ஐ 25-ஆல் வகுத்தால் 48.

வாங்கினால் 6 அங்குல டாப்சோனியன். மரப்பெட்டியில் உட்காரும் எளிய பிரதிபலிப்பான், தள்ளினால் திரும்பும், ஆடாது. 48 மடங்கிலேயே சனியின் வளையம் தனியாகத் தெரியும். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தது, இப்போது வருடா வருடம் திறந்துகொண்டே வருகிறது.

எட்டாம் படி: சூரியன்

பைனாகுலரையோ டெலஸ்கோப்பையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும். எக்ஸ்ரே பிலிம், புகையேற்றிய கண்ணாடி எதுவும் பாதுகாப்பு இல்லை. சான்றிதழ் உள்ள கிரகணக் கண்ணாடி மட்டும், அதையும் வெறும் கண்ணுக்குத்தான்.

கண்ணாடியே தேவைப்படாத ஒன்று நிழலில்லா நாள். தமிழ்நாடு முழுவதும் வருடத்துக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி, கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலேயே. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு செய்ய இதைவிட எளிய சோதனை இல்லை. டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்த நாள் கிடையாது.

ஒன்பதாம் படி: நேரில் போய்ப் பார்க்க

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது, 1986-இல் இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி. 1988-இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909-இல் கண்டது இங்கேதான். இரண்டும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் வருபவை, பார்வை நேரத்தை அவர்களுடைய இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெயில் காலத்தில் சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கமும் நல்ல இடம்.

அந்த ஆய்வகங்களுக்கெல்லாம் முன்னோடி, நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வானாய்வகம். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் சூரியனின் முகத்தை வெள்ளி கடந்தபோது, அது என்ன என்று பொதுமக்களுக்குப் புரிய வைக்கப் பல இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கை வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர் அவர். நீங்கள் காலண்டரோடு மாடிக்குப் போய்ச் செய்வதும் அந்த வேலைதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியை இப்போதே எழுதி வையுங்கள்: 2031 மே 21. 2019 டிசம்பர் 26-இல் கோயம்புத்தூர், ஈரோடு, திருச்சிப் பக்கம் தெரிந்த மாதிரி ஒரு வளையச் சூரிய கிரகணம் (நிலா நடுவை மறைக்க, சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது), இந்த முறை தேனி, மதுரை, காரைக்குடி வழியாகக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போகிறது. அன்று வெளியே மரம் இருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள், இலை இடுக்கு வழியாகத் தரை முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள் விழும்.